45 பைசா முதல் 30,000 யூரோ வரை... டூர் இன்சூரன்ஸ் எதற்குக் கை கொடுக்கும், எதற்குக் கொடுக்காது?

ரயில் டிக்கெட்டை ஆன்லைனில் புக் செய்யும்போது, பணம் கட்டும் பக்கத்துக்குச் சற்று முன்னால் ஒரு கேள்வி வரும். பயணக் காப்பீடு வேண்டுமா, வேண்டாமா? தட்கல் அவசரத்தில் இருப்பவர்களுக்கு அது கண்ணில்கூடப் படாது. ஏதோ ஒரு கட்டத்தைத் தொட்டுவிட்டு ஓ.டி.பி-க்காகக் காத்திருப்பார்கள். ஓர் ஆளுக்கு 45 பைசா. இன்றைக்கு அந்தக் காசுக்கு ஒரு தீப்பெட்டிகூடக் கிடைக்காது.

அந்த 45 பைசாவுக்கு என்ன இருக்கிறது என்று பார்த்தால் ஆச்சர்யமாக இருக்கும். ரயில் விபத்தில் உயிரிழப்போ, நிரந்தர முழு ஊனமோ ஏற்பட்டால் 10 லட்சம் ரூபாய். நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு 7.5 லட்சம் வரை. மருத்துவமனைச் செலவுக்கு 2 லட்சம் வரை. உடலை ஊருக்குக் கொண்டுவர 10,000 ரூபாய். ஆனால், ஐ.ஆர்.சி.டி.சி. தளத்திலோ ஆப்பிலோ எடுத்த டிக்கெட்டாக இருக்க வேண்டும், கன்ஃபர்மோ, ஆர்.ஏ.சி-யோ ஆகியிருக்க வேண்டும். கவுன்டரில் வரிசையில் நின்று வாங்கிய டிக்கெட்டுக்கு இது கிடையாது. அன்ரிசர்வ்டு பெட்டியில் போகிறவர்களுக்கும் கிடையாது.

2023 ஜூன் 2 அன்று, சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் விபத்துக்குள்ளானது. 290 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். அந்த ரயிலின் அன்ரிசர்வ்டு பெட்டிகளில் நெருக்கியடித்து வந்தவர்களுக்கு இந்தக் காப்பீட்டோடு சம்பந்தமே இல்லை. அவர்கள் குடும்பங்களுக்கு வேறொரு வழி இருக்கிறது: முறையான டிக்கெட் வைத்திருந்த எவருக்கும், ரயில்வே சட்டப்படி உயிரிழப்புக்கு 8 லட்சம் ரூபாய் இழப்பீடு உண்டு. அதற்கு ரயில்வே கிளெய்ம்ஸ் டிரிப்யூனலில் மனுச் செய்ய வேண்டும். ஆன்லைன் காப்பீடும் எடுத்திருந்தால் இரண்டையும் கேட்கலாம். ஒன்று இன்னொன்றை ரத்து செய்யாது.

இதில் பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. டிக்கெட் புக் ஆனதும் இன்சூரன்ஸ் நிறுவனத்திடமிருந்து ஒரு எஸ்.எம்.எஸ்ஸும் மெயிலும் வரும். அதில் உள்ள லிங்க்கில் போய் நாமினி பெயரைப் பதிய வேண்டும். விளம்பர மெசேஜ் என்று நினைத்து அழித்துவிடுகிறோம். நாமினி இல்லையென்றால் பணம் போகாது என்றில்லை. வாரிசு என்று நிரூபிக்கச் சான்றிதழ்களோடு குடும்பம் அலைய வேண்டும். துக்கத்தில் இருப்பவர்களைத் தாலுகா அலுவலகத்துக்கு அனுப்பாமல் இருக்க இரண்டு நிமிடம் போதும்.

எந்தப் பயணக் காப்பீட்டுக்கும் அடிப்படை இதுதான். அசம்பாவிதம் நடந்ததாலேயே பணம் வந்துவிடாது. நடந்தது பாலிசியில் எழுதியிருக்கும் அசம்பாவிதமாக இருக்க வேண்டும், அது நடந்ததற்குக் காகிதம் இருக்க வேண்டும். வெளிநாட்டு டூர்களில் இந்த இரண்டும் சேராமல்தான் பெரும்பாலான மனக்கசப்புகள் வருகின்றன.

விசா கேட்டால் எடுப்போம், கேட்காவிட்டால்..?

ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு இருக்க வேண்டும் என்பது கட்டாயம். அவசர சிகிச்சை, ஆஸ்பத்திரி அனுமதி, தேவைப்பட்டால் நோயாளியை ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவு எல்லாம் அதில் அடங்க வேண்டும். அதனால் பாரிஸ், சுவிட்சர்லாந்து போகிறவர்கள் எல்லோரிடமும் பாலிசி இருக்கும். அதே குடும்பம் அடுத்த வருடம் தாய்லாந்துக்கோ, பாலிக்கோ, மலேசியாவுக்கோ, இலங்கைக்கோ போகும்போது எடுப்பதில்லை. கேட்பார் இல்லை என்பதுதான் காரணம்.

நாம் இங்கே வருடா வருடம் கட்டும் ஃபேமிலி ஃப்ளோட்டர் ஹெல்த் பாலிசி அங்கே உதவுமா? பெரும்பாலானவை இந்தியாவுக்குள் எடுக்கும் சிகிச்சைக்கு மட்டும்தான். பாங்காக் தனியார் மருத்துவமனைகள் வெளிநாட்டவரை அட்மிட் செய்யுமுன் முன்பணமோ, இன்சூரன்ஸ் உத்தரவாதமோ கேட்பது வழக்கம். காலை உடைத்துக்கொண்ட மகனை ஸ்ட்ரெச்சரில் வைத்துக்கொண்டு, கிரெடிட் கார்டு லிமிட் எவ்வளவு என்று அப்பா கணக்குப் போடும் நிலைமை அது.

ஒரு வார தென்கிழக்காசியப் பயணத்துக்கு நடுத்தர வயதுக்காரருக்கு பிரீமியம் சில நூறு ரூபாய்தான் ஆகும். விமான நிலையத்தில் ஆளுக்கு ஒரு காபியும் சாண்ட்விச்சும் சாப்பிட்டால் ஆகும் பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். என்னைக் கேட்டால், டூர் இன்சூரன்ஸில் முதலில் பார்க்க வேண்டியது மருத்துவப் பகுதிதான். பெட்டி தொலைந்தால் இவ்வளவு, ஃப்ளைட் லேட்டானால் அவ்வளவு என்று விளம்பரத்தில் மின்னுபவை எல்லாம் அதற்குப் பிறகு. தொலைந்த பெட்டிக்காக யாரும் நகையை அடகு வைத்ததில்லை.

கிரெடிட் கார்டோடு இலவசமாக வரும் காப்பீட்டை நம்பிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அவற்றில் பல விமான விபத்து மரணத்துக்கு மட்டுமே. காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு பைசா பெயராது. கார்டு கம்பெனியிடம் பாலிசி நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிடுங்கள்.

ஸ்கூட்டர் என்ற வில்லன்

பட்டாயா, ஃபூகெட், பாலி. மூன்று இடங்களிலும் தங்கும் ஹோட்டல் வாசலிலேயே ஸ்கூட்டர் வாடகைக்குக் கிடைக்கும். 'ஊரில் தினமும் ஓட்டுவதுதானே' என்று எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். மழையில் நனைந்த மலைப்பாதையில் சறுக்கினால், கிளெய்ம் செய்யும்போது இன்சூரன்ஸ் நிறுவனம் கேட்கும் முதல் கேள்வி 'அந்த நாட்டில் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்ததா' என்பதுதான்.

நம் ஊர் லைசென்ஸ் மட்டும் போதாது. இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் வேண்டும். நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலேயே தருகிறார்கள், ஒரு வருடம் செல்லும். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. உங்கள் லைசென்ஸில் கார் மட்டும் இருந்தால் பெர்மிட்டும் காருக்கு மட்டும்தான். ஸ்கூட்டர் ஓட்டும் தகுதி அதில் வராது. ஹெல்மெட் போடாமல் இருந்திருந்தாலும், ஒரு பீர் குடித்திருந்தாலும் கதை முடிந்தது. மது குடித்த நிலையில் ஏற்பட்ட விபத்து என்று ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டில் ஒரு வரி இருந்தால் போதும், ஏறக்குறைய எல்லாப் பாலிசிகளிலும் அது விலக்குப் பட்டியலில் இருக்கிறது.

பாராசெய்லிங், ஸ்கூபா டைவிங், பங்கி ஜம்ப் போன்றவற்றை சில பாலிசிகள் அடியோடு விலக்கிவிடும். சில, பயிற்சியாளர் மேற்பார்வையில் பொழுதுபோக்குக்காகச் செய்தால் ஏற்றுக்கொள்ளும். கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்துக்கொள்ளும் வசதி தருபவையும் உண்டு. பிள்ளைகள் கடலைப் பார்த்ததும் எதில் ஏற ஆசைப்படுவார்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும். வாங்கும்போதே 'அட்வென்ச்சர் ஸ்போர்ட்ஸ்' என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

அப்பாவுக்கு சுகர்... சொல்லலாமா, வேண்டாமா?

மகளின் பிரசவத்துக்கோ, பேரனைப் பார்க்கவோ அமெரிக்கா போகும் பெற்றோருக்கு பாலிசி எடுக்கும்போது வீட்டில் நடக்கும் விவாதம் இது. சுகர், பி.பி. இருக்கிறது என்று எழுதினால் பிரீமியம் ஏறும், சில நிறுவனங்கள் பாலிசியே தராது. 'எழுதாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?' என்று ஏஜென்டே சொல்வதும் உண்டு.

தெரிந்துவிடும். அமெரிக்காவில் எமர்ஜென்சி அறைக்குள் நுழைந்தவுடன் நர்ஸ் கேட்பதே 'என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எத்தனை வருடமாக' என்பதைத்தான். அப்பா நேர்மையாக, 'பத்து வருஷமா சுகருக்கு மாத்திரை போடறேன்' என்பார். சொல்லத்தான் வேண்டும், உயிர் விஷயம். அது அப்படியே மருத்துவக் குறிப்பில் பதிவாகும். கிளெய்மை ஆராயும் இன்சூரன்ஸ் அலுவலர் முதலில் கேட்டு வாங்குவது அந்தக் குறிப்பைத்தான். மறைத்திருப்பது தெரிந்தால், கிளெய்ம் மறுக்கப்பட அதுவே போதுமான காரணம்.

சொன்னாலும் முழுப் பாதுகாப்பு கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் நோயால் வரும் சிக்கலுக்கு, உயிர் காக்கும் அவசர சிகிச்சையை மட்டும் ஏற்கும் பாலிசிகளே அதிகம். வழக்கமான செக்கப், தீர்ந்துபோன மாத்திரை வாங்குவது எல்லாம் நம் கைக்காசுதான். அதனால் தங்கும் மாதங்களுக்கு வேண்டிய மாத்திரைகளையும், ஜெனரிக் பெயரில் எழுதிய பிரிஸ்கிரிப்ஷனையும் இங்கிருந்தே கொண்டுபோவது நல்லது.

60 வயதைத் தாண்டியவர்களுக்கான திட்டங்களில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அட்டையில் 50,000 டாலர், ஒரு லட்சம் டாலர் என்று பெரிதாக இருக்கும். உள்ளே ஐ.சி.யூ. வாடகைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு, அறுவை சிகிச்சைக்கு இவ்வளவு என்று தனித்தனி உச்சவரம்பு இருக்கும். இதை 'சப்லிமிட்' என்பார்கள். மொத்தத் தொகை பெரிதாக இருந்து சப்லிமிட் குறைவாக இருந்தால், பில்லில் பெரும்பகுதியை மகனோ மகளோ கட்ட வேண்டிவரும். அதோடு 'டிடக்டிபிள்' என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு கிளெய்மிலும் முதல் 100 டாலர் உங்களுடையது என்பது போல. அது பெரிய விஷயமில்லை. அமெரிக்கா போகும் பெற்றோருக்கு, சப்லிமிட் இல்லாத திட்டத்துக்குச் சில ஆயிரம் கூடக் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

பயம் வந்தால் பணம் வராது

டூரையே ரத்து செய்ய வேண்டி வந்தால்? இங்கேதான் மக்கள் எதிர்பார்ப்புக்கும் பாலிசிக்கும் இடையில் பள்ளம் பெரிது.

'ட்ரிப் கேன்சலேஷன்' என்ற பகுதி, தன் பட்டியலில் உள்ள காரணங்களுக்கு மட்டுமே பணம் தரும். பயணிக்கோ, நெருங்கிய குடும்பத்தினருக்கோ கடுமையான நோய், மரணம், இயற்கைப் பேரிடர் என்று அந்தப் பட்டியல் போகும். மனம் மாறினால், லீவு கிடைக்காவிட்டால், செய்தியைப் பார்த்துப் பயம் வந்தால் அதில் இடமில்லை.

2025 ஏப்ரல் 22 பஹல்காம் தாக்குதலில் 26 பேர் கொல்லப்பட்ட பிறகு, கோடை விடுமுறைக்கு காஷ்மீர் போகவிருந்த ஏராளமான குடும்பங்கள் பயணத்தைக் கைவிட்டன. பிள்ளைகளோடு போகிறவர்கள் பயந்ததில் ஒரு தவறும் இல்லை. ஆனால், பயம் பாலிசிப் பட்டியலில் கிடையாது. அப்போது கைகொடுத்தது, ஸ்ரீநகர் டிக்கெட்டுகளைக் கட்டணமில்லாமல் ரத்து செய்ய விமான நிறுவனங்கள் தந்த சலுகைதான். அடுத்த மாதமே வடக்கிலும் மேற்கிலும் 32 விமான நிலையங்கள் சில நாள்கள் மூடப்பட்டன. போர், போர் போன்ற சூழல் எல்லாம் பாலிசிகளில் வழக்கமான விலக்குகள். இப்படி விமானம் ரத்தாகும்போது டிக்கெட் பணம் விமான நிறுவனத்திடமிருந்து வரும்; ஹோட்டலுக்குக் கட்டிய முன்பணம் ஹோட்டல்காரரின் மனதைப் பொறுத்தது. அதனால் புக் செய்யும்போதே 'ஃப்ரீ கேன்சலேஷன்' உள்ள ஹோட்டலாகப் பார்ப்பது, பல சமயம் இன்சூரன்ஸைவிடப் பயன் தரும்.

ஒரே வார்த்தையில் பணம் சிக்கிக்கொண்ட கதையும் உண்டு. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தில் எய்யாஃப்யாட்லாயோகுட்ல் என்ற எரிமலை (உச்சரிக்க முயன்று நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டாம்) சாம்பலைக் கக்கியது. ஐரோப்பிய வான்வெளியின் பெரும்பகுதி ஆறு நாள்களுக்கு மூடப்பட்டு, சுமார் ஒரு லட்சம் விமானங்கள் ரத்தாயின. பிரிட்டன் பாலிசிகளில் 'மோசமான வானிலையால்' ஏற்படும் தாமதத்துக்குப் பணம் உண்டு என்று இருந்தது. எரிமலைச் சாம்பல் வானிலையா, இல்லையா? சில நிறுவனங்கள் ஆம் என்று பணம் கொடுத்தன. சில, இல்லை என்று கைவிரித்தன. அதன் பிறகுதான் சாம்பலுக்கென்று தனி வரிகள் பாலிசிகளில் வர ஆரம்பித்தன.

வாங்கும் நாளும் முக்கியம். வங்கக் கடலில் புயலுக்குப் பெயர் வைத்து டி.வி-யில் ஓட ஆரம்பித்த பிறகு பாலிசி எடுத்தால், அந்தப் புயலால் வரும் இழப்புக்குப் பணம் கிடைப்பது கஷ்டம். 'தெரிந்த நிகழ்வு' என்று ஒதுக்கிவிடுவார்கள். கிளம்புவதற்கு முதல் நாள் எடுக்காமல், டிக்கெட் போட்ட வாரத்திலேயே எடுத்தால் ட்ரிப் கேன்சலேஷன் பகுதிக்கு உயிர் இருக்கும். இல்லையென்றால் பிரீமியத்தில் அந்தப் பங்கு வீண்.

ஏர்லைன்ஸ் தர வேண்டியதை ஏர்லைன்ஸிடம் கேளுங்கள்

மிக்ஜாம் புயலின்போது, 2023 டிசம்பர் 4 அன்று சென்னை விமான நிலையம் ஓடுபாதையில் தண்ணீரோடு மூடப்பட்டது நினைவிருக்கும். 2015 டிசம்பரில் நாள்கணக்கில் மூடிக்கிடந்தது. அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து தற்காலிகமாக விமானங்கள் இயங்கின. இப்படிப்பட்ட நாள்களில் விமான நிறுவனத்துக்கு என்ன கடமை?

டி.ஜி.சி.ஏ. விதிகளின்படி, முன்கூட்டிச் சொல்லாமல் விமானத்தை ரத்து செய்தால் டிக்கெட் பணத்தோடு இழப்பீடும் உண்டு. பறக்கும் நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500 அல்லது 10,000 ரூபாய். அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இரண்டில் எது குறைவோ அது. ஆனால், புயல், வெள்ளம் போன்ற அவர்கள் கையில் இல்லாத காரணங்களுக்கு இழப்பீடு கிடையாது. டிக்கெட் பணமோ, மாற்று விமானமோ மட்டும்தான். அந்த இடைவெளியில்தான் இன்சூரன்ஸின் 'ஃப்ளைட் டிலே' பகுதி உதவும், கூடுதலாக ஓர் இரவு தங்கிய ஹோட்டலுக்கும் சாப்பாட்டுக்கும். இத்தனை மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்று அதிலும் ஒரு வரம்பு இருக்கும். விமான நிறுவனத்திடம் தாமதத்துக்கான காரணத்தையும் நேரத்தையும் எழுதி வாங்காமல் ஏர்போர்ட்டை விட்டு நகராதீர்கள்.

பெட்டி வராவிட்டாலும் அதேதான். பெல்ட் நின்ற பிறகு, கோபத்தோடு டாக்ஸி ஏறிவிடாமல் அங்கேயே உள்ள பேகேஜ் கவுன்டரில் பி.ஐ.ஆர். என்ற புகார்ப் படிவத்தை நிரப்பி நகல் வாங்க வேண்டும். சர்வதேசப் பயணத்தில் பெட்டி சேதமாகியிருந்தால் 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்தால் கைக்கு வந்த 21 நாளுக்குள்ளும் விமான நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் தர வேண்டும். நகை, பணம், லேப்டாப் ஆகியவற்றை இன்சூரன்ஸ் பெரும்பாலும் ஏற்பதில்லை. உள்ளே உடைந்துபோன ஆவக்காய் ஊறுகாய் பாட்டிலுக்கும், அது ஊறிய பட்டுப்புடவைக்கும் யாரும் பொறுப்பில்லை.

அந்த முதல் போன் கால்

வெளிநாட்டில் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால், முதலில் அழைக்க வேண்டியது சென்னையில் இருக்கும் ஏஜென்டை அல்ல. பாலிசியில் 24 மணி நேர உதவி எண் ஒன்று இருக்கும். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்காக வெளிநாடுகளில் வேலை பார்க்கும் உதவி நிறுவனத்தின் எண் அது. எந்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சொல்வது, உத்தரவாதக் கடிதம் அனுப்புவது, பணம் கட்டாமல் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்வது எல்லாம் அவர்கள் வேலை. உயிருக்கு ஆபத்து என்றால் முதலில் ஆஸ்பத்திரி, உடனே யாராவது ஒருவர் போன். எத்தனை மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்பதும் பாலிசியிலேயே இருக்கும்.

அந்த எண் கணவரின் போனில் மட்டும் இருந்து, கணவரே ஸ்ட்ரெச்சரில் இருந்தால் என்ன செய்வது? பாலிசி பி.டி.எஃப்-ஐக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவையுங்கள். ஊரில் இருக்கும் ஒருவருக்கும் அனுப்புங்கள். ஒரு பிரின்ட் பாஸ்போர்ட்டோடு இருக்கட்டும். டூர் ஆபரேட்டர் 'இன்சூரன்ஸ் பேக்கேஜிலேயே இருக்கு சார்' என்றால், பாலிசி நகலைக் கையில் வாங்கிப் பெயரும் பிறந்த தேதியும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

பாஸ்போர்ட் தொலைந்தால் உள்ளூர் போலீஸில் புகார் நகல், பிறகு இந்தியத் தூதரகம். அவசரச் சான்றிதழ் வாங்க ஆகும் செலவைப் பல பாலிசிகள் தருகின்றன. போலீஸ் நகல் இல்லாமல் இரண்டுமே நகராது.

கிளெய்ம் மறுக்கப்பட்டால், எந்த விதியின்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஐ.ஆர்.டி.ஏ.ஐ-யின் 'பீமா பரோசா' தளத்திலும், 155255 என்ற எண்ணிலும் புகார் பதியலாம். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரி, காரைக்காலுக்குமான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் அண்ணா சாலையில் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரையிலான புகார்களை அங்கே கேட்கிறார்கள். நிறுவனம் மறுத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். பாலிசி நகல், மறுப்புக் கடிதம், ஆஸ்பத்திரி பில்கள், விமான நிறுவனம் எழுதிக்கொடுத்த அந்தத் துண்டுச் சீட்டு எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி எடுத்துக்கொண்டு போங்கள்.